அப்புறம் அந்த அங்கிள் சாரி சொன்னாரா?

சத்துவாச்சாரி மொட்டைமாடி:
ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடியில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிச் சிறுகதை படிக்கிறார்கள். போன வாரம் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உரிமையோடு வந்து புத்தகம் எடுத்துப் போவார்கள். அவர் டைரி கொண்டுவந்து இரண்டு பேருக்குக் கொடுப்பார், சாரங்கன் என்கிற பையனுக்குக் கிடையாது. பிறகு அவன் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, தானே வைத்திருந்த ஒரு டைரியை நீட்டி, எனக்கு அன்பளிப்பு என்று எழுதிக் கொடுங்கள் என்பான். அவ்வளவுதான் கதை.

படித்து முடித்ததும் ஒரு பெண் ஜெராக்ஸ் தாளை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே, "அப்புறம் அந்த அங்கிள் சாரி சொன்னாரா?" என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. மத்தியானமே ஒரு பெற்றோரிடமிருந்து வாட்ஸப் வந்துவிட்டது: நட்பு, நம்பிக்கை பற்றிப் படிக்கிறோம் என்றீர்களே, இதில் என் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது? எனக்கு என்ன பதில் போடுவதென்று தெரியவில்லை, இங்கே கேட்கிறேன்.

மண்டித்தெரு அம்மா:
அனுப்பியது நான்தான் சார், ஒளிவுமறைவு எதற்கு. பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. இலக்கியமா இல்லையா என்ற சண்டைக்கே நான் வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போட்டோவைப் போட்டு யாரோ இன்ஸ்டாகிராமில் கணக்கு ஆரம்பித்து என்னென்னவோ எழுதி, கடைசியில் பார்த்தால் அது கூடவே உட்கார்ந்து டிபன் பாக்ஸ் பங்கு போட்ட சிநேகிதி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று நேராகச் சொல்லவேண்டும். என் பாட்டி சொன்ன கதையில் நரி வந்தால் நரி என்று தெரியும். இந்தக் கதையில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்றே எனக்குப் புரியவில்லை, பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

ஆம்பூர்தான் ஆனா பிரியாணி கேக்காதீங்க:
அக்கா, நரி நரி மாதிரியே வந்தால் பிரச்சினையே இல்லையே. உங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தது டிபன் பாக்ஸோடு அல்லவா வந்தது.

என் அப்பா தோல்ஷாப்பில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின தோலை இழுத்துப் போடுகிற வேலை. வீட்டில் எல்லார் துணியும் ஒரே பக்கெட்டில்தான் ஊறும், என் யூனிஃபார்மிலும் அந்த வாடை. ஏழாவதில் புதுப் பள்ளிக்கூடம் மாறினேன், அப்பா சென்னையில் ஆபீஸில் இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். பக்கத்து சீட்டுக்காரன் ஒருநாள் என் அப்பாவைத் தெருமுனையில் பார்த்துவிட்டான், சைக்கிள் ஹேண்டில்பாரில் ரப்பர் பூட்ஸ் தொங்குகிறது, நான் பின்னால் கேரியரில். மறுநாள் அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாசம் கழித்து இன்னொருத்தன் "உங்கப்பா சென்னையிலிருந்து எப்படா வருவாரு" என்று கேட்டபோது, நான் வாயைத் திறக்கும் முன்னால் இவன், "பொங்கலுக்கு வந்துட்டுப் போனாரேடா" என்றான். என் பொய்க்கு அவன் ஒரு பொய் சேர்த்தான். அது நட்பா, தப்புக்குத் துணை போனதா, இன்றுவரை எனக்குத் தெரியாது, அவனிடம் கேட்டதும் இல்லை. நான் படித்த நீதிக்கதை எதிலும் இவனுக்கு இடமே கிடையாது, அங்கே பொய் சொன்னவனுக்குக் கடைசிப் பாராவில் உதை விழும், முடிந்தது.

குடியாத்தம் தமிழ் டீச்சர்:
கதையின் கருத்து யாது என்று இரண்டு மார்க்குக்குக் கேள்வி போட்டால் முப்பத்தெட்டு பேரும் 'நட்பே உயர்ந்தது' என்று எழுதுகிறார்கள். எழுதிவிட்டு வெளியே போய் அதே பிள்ளைகள் ஒருத்தியைத் தண்ணீர் பாட்டில் தொடவிடுவதில்லை. கருத்து தெரியாமலா செய்கிறார்கள்?

சாதி அடையாளம் என்று பேசினால் கையில் கட்டுகிற கயிற்றைச் சொல்லாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது, கலர் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு வேண்டாம் என்று அதில் ஒரு பரிந்துரை. நல்லதுதான். ஆனால் அவிழ்த்துவிடு என்று சொன்னால் கயிறு மட்டும்தான் அவிழும். வேலூர்க்காரர்களுக்கு இது தெரியாததா, நம் கோட்டையிலேயே வெள்ளைக்காரர்கள் சிப்பாய்களுக்குப் பொட்டு வைக்காதே, கடுக்கன் போடாதே, தாடியை எடு என்று உத்தரவு போட்டுத்தானே 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்தது. உத்தரவால் ஆகாததைக் கொஞ்சமாவது செய்யக்கூடியது கதை என்று நினைக்கிறேன், அதுவும் முடிவைத் தூக்கிக் கையில் கொடுக்காத கதை.

மண்டித்தெரு அம்மா:
டைரியில் ஆரம்பித்துக் கோட்டைக்கே போய்விட்டீர்கள் டீச்சர். எல்லாவற்றிலும் சாதியை இழுக்காமல் இரண்டு பிள்ளைகள் சும்மா பிரெண்ட்ஸாக இருக்கிற கதையே கிடையாதா?

ஆம்பூர்தான் ஆனா பிரியாணி கேக்காதீங்க:
இருக்கும் அக்கா. ஆனால் அந்த இரண்டு பேரும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் சாப்பிடப் போகாதவரைக்கும்தான் அந்தக் கதை ஓடும்.

காட்பாடி தாத்தா:
வட ஆற்காடு உடையாமல் ஒரே ஜில்லாவாக இருந்த காலத்து ஆள் நான், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். டீச்சரம்மா சொன்ன ஒப்புமை எனக்குச் சரியாகப் படவில்லை. கோட்டையில் இந்து சிப்பாய்க்குப் போனது பொட்டு, முஸ்லிம் சிப்பாய்க்குப் போனது தாடி, இரண்டு பேர் தலையிலும் தோல் வைத்த புதுத் தலைப்பாகை ஏறியது. அடையாளம் வேறு வேறு, ஆனாலும் ஒன்றாக எழுந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கயிறு நீ வேறு நான் வேறு என்று காட்டுவதற்கென்றே கட்டுவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அந்த அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளை சாப்பிடவில்லை என்றால் தாய்க்குப் பதறத்தான் செய்யும். கதையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதுமா? பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் விளக்கம் சொல்லத் தேவையில்லை, சொல்லாமல் இருப்பதே மேல் (நான் பேரனிடம் அதில்தான் தோற்றுப்போகிறேன், வாய் சும்மா இருப்பதில்லை).

குடியாத்தம் தமிழ் டீச்சர்:
கயிறு பற்றி நீங்கள் சொன்னது சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். உத்தரவு போட்டால் வீம்பு வரும் என்பதற்குத்தான் கோட்டையைச் சொன்னேன், அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் பெரியவர் உட்காரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். அந்தக் கதையில் தப்பு செய்ததே பெரியவர். கெட்டவரும் இல்லை, சும்மா ஒரு பையனைக் கவனிக்காமல் விட்டவர். பிள்ளைகளுக்குச் சுடுவது அங்கேதான் என்று நினைக்கிறேன், நரியிடம் அவர்கள் ஏமாறவில்லை, பிடித்த மனுஷரிடம் ஏமாந்தார்கள்.

மண்டித்தெரு அம்மா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாட்ஸப்பே அனுப்பியிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்கிறேன், எல்லாப் பிள்ளைக்கும் இப்படி யோசிக்கத் தெம்பு இருக்காது. சிலதுக்கு நேராகச் சொன்னால்தான் ஏறும். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே என்பதைச் சிறுகதையாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆம்பூர்தான் ஆனா பிரியாணி கேக்காதீங்க:
அது வாஸ்தவம். அதற்கு அம்மா போதும், கதை வேண்டாம்.

சத்துவாச்சாரி மொட்டைமாடி:
இந்த வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாரி சொன்னாரா என்று கேட்ட அதே பெண், நான் கேட்காமலே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மறுநாள் அந்த மனுஷர் கடைக்குப் போய் நல்ல டைரியாக ஒன்று வாங்கிக்கொண்டு பையன் வீட்டுக்கு வருகிறார். அவன் வாசலிலேயே நின்று, "என்கிட்ட ஒண்ணு இருக்கு மாமா, இதை நீங்களே வெச்சுக்கோங்க" என்கிறான். சண்டையெல்லாம் இல்லை. காபி மட்டும் கொடுத்து அனுப்புகிறான். அவர் திரும்பிப் போகிற வழியில் அந்த டைரியின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறார், வெறும் பக்கம். அங்கே நிறுத்தியிருக்கிறாள். வாசித்தபோது மாடியில் ஒரு சத்தம் இல்லை. பிறகு ஒரு பையன், "காபி ஏன் குடுத்தான்?" என்று ஆரம்பித்தான், வெயில் ஏறுகிறவரை அதிலேயே சண்டை.

மண்டித்தெரு அம்மா:
சார், ஜெராக்ஸ் தாளை மடித்துக்கொண்டே கேட்ட பெண் என்றீர்களே. என் பெண்ணுக்குத்தான் அந்தப் பழக்கம், பஸ் டிக்கெட்டைக்கூட விடமாட்டாள். எழுதினதை வீட்டில் காட்டவே இல்லை. அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவீர்களா?

சத்துவாச்சாரி மொட்டைமாடி:
ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அம்மா.

மண்டித்தெரு அம்மா:
சரி. நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம்.