விண்மீன் திரள்களை வகைப்படுத்தத் தமிழ்ச் சொற்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் ‘கேலக்ஸி சூ’ (Galaxy Zoo) என்னும் இணையவழி வானியல் திட்டத்தில் பங்கெடுக்க விரும்புகிறேன். 2007இல் தொடங்கிய இத்திட்டத்தில், தொலைநோக்கி எடுத்த படத்திலுள்ள விண்மீன் திரள் வழவழப்பான உருண்டையா, சுருள்கரங்கள் கொண்ட தட்டா என்று தன்னார்வலர்கள் பார்த்துச் சொல்ல, ஒரே படத்துக்குப் பலர் அளிக்கும் விடைகளை ஒப்பிட்டே வானியலாளர்கள் முடிவுக்கு வருகிறார்கள். ஆகவே பிழைவிடுவோமோ என்று மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல் இப்படிப் பார்க்கையில்தான், அதுவரை எவரும் கவனியாத ஒளிரும் வாயு முகிலொன்றைக் கண்டார். எங்கள் பிள்ளைகளுக்குத் தடையாயிருப்பது வினாக்களின் ஆங்கிலமே. திரளின் நடுப்புடைப்பு, அதனூடே குறுக்காகச் செல்லும் பட்டை போன்றவற்றுக்குப் பாடநூலோடு ஒத்த சொற்களை அறிந்த ஆசிரியர்கள் தயவுசெய்து எழுதியுதவுங்கள். மட்டக்களப்பிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்து முதல் வகுப்பில் உடனிருக்கக்கூடியவர் எவரேனும் இருந்தால் பேருதவியாக இருக்கும்.