பாலத்துக்கு அடியில் படுப்பவர்களுக்கு வீடு: உரிமையா, சலுகையா?

அரும்பாக்கத்தான்: முந்தாநாள் ராத்திரி எங்க தெரு முனையில மெட்ரோ பாலத்துக்கு அடியில படுத்திருந்தவங்களை வண்டி வந்து வீடில்லாதவங்க தங்குற விடுதிக்கு ஏத்திட்டுப் போச்சு. ஒரு பாட்டி அலுமினியக் குண்டானை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஏறினாங்க. நேத்து சாயங்காலம் அதே தூண், அதே குண்டான், கஞ்சி கொதிக்குது. இவங்களுக்கு வீடு கொடுத்து என்ன பிரயோஜனம்? வீடு அடிப்படை உரிமைன்னு அரசியல் சட்டத்துல எங்கே எழுதியிருக்கு?

மேட்டூர் தண்ணி: அந்த வார்த்தையில எழுதலை, சரி. ஆனா 1985ல, பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றுறதை எதிர்த்துப் போட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்குல, உயிர் வாழும் உரிமையைச் சொல்ற 21ஆவது பிரிவுக்குள்ள பிழைப்புக்கான உரிமையும் அடக்கம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மனு போட்டவங்கள்ல ஒருத்தர் எங்க சேலத்துக்காரர், தெரியுமா? வறட்சியில வேலை போய் 1961ல பம்பாய் போனவர். நாள் கூலி 23 ரூபாய். பிளாட்பாரத்துல ஒரு பிளாஸ்டிக் ஷீட் குடிசைக்கு ஒரு தாதா அவர்கிட்ட 2,500 ரூபாய் கறந்திருக்கான்! 1981 ஜூலையில குடிசையைப் பிரிச்சுப் போட்டு சேலத்துக்கு பஸ் ஏத்தி விட்டாங்க. பொண்டாட்டி பிள்ளைங்களை ஊர்ல விட்டுட்டு மனுஷன் திரும்பவும் பம்பாய் பிளாட்பாரத்துக்கே போனார். கூலி அங்கேதானே இருக்கு.

அரும்பாக்கத்தான்: பாதித் தீர்ப்பைச் சொல்றீங்க சார். நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை, மழைக்காலம் முடிஞ்சு அக்டோபர் 31க்கு அப்புறம் அகற்றலாம்னும் அதுலயேதான் இருக்கு.

துரைப்பாக்கம் தேவி: எங்களை ஆத்தங்கரையிலேர்ந்து எடுத்து இந்தப் பக்கம் வீடு கொடுத்தாங்க. கதவு, கக்கூஸ் எல்லாம் உண்டு, குறை சொல்லலை. முன்னாடி அம்மா நடந்தே நாலு வீட்டு வேலைக்குப் போவாங்க. இப்ப விடியறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாப்புல நிக்கணும். ரெண்டு வீட்டு வேலை போயிடுச்சு.

அரும்பாக்கத்தான்: வெள்ளை போர்டு பஸ்ல லேடீஸுக்கு இலவசம்தானே மேடம்?

துரைப்பாக்கம் தேவி: டிக்கெட் இலவசம் சார். லேட்டா போனா சம்பளத்துல பிடிக்கிறாங்களே, அதை யார் தர்றது?

சும்மா ஒருவன்: 1970கள்ல குடிசை மாற்று வாரியம் பல இடத்துல குடிசை இருந்த இடத்துலயே அடுக்கு மாடி கட்டிச்சு. இப்ப அந்த நிலத்தோட விலை கண்ணை உறுத்துது, அதான் ஊருக்கு வெளியே தள்றாங்க. அது கிடக்கட்டும். ஏன் திரும்பி வந்தீங்கன்னு அந்தப் பாட்டிகிட்ட கேட்டீங்களா அரும்பாக்கத்தான்?

அரும்பாக்கத்தான்: இப்பதான் கேட்டுட்டு வர்றேன். விடிகாலை 3 மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்ல பூ எடுக்கணுமாம். விடுதியில 6 மணிக்குத்தான் கேட்டைத் திறக்கறாங்களாம்.

மேட்டூர் தண்ணி: நாள் முழுக்கத் திறந்திருக்கணும்னுதான் சார் விதியே இருக்கு.

அரும்பாக்கத்தான்: அப்போ கேட்டைத் திறக்கச் சொல்லுங்க. அதுக்காகப் பாலத்தை எழுதிக் கொடுக்க முடியாது.