புற்றுநோய் குணமாகி ஆறு வருஷம் கழித்து எம்.டி.எஸ்.: எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது?

மாலைநேரம் (கேள்வி)

அம்மாவுக்கு வயது 58. ஆறு வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய். அறுவை, டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த ஏசி கீமோ 4 தடவை, பிறகு பாக்லிடாக்சல், ரேடியேஷன். இப்போது ஹீமோகுளோபின் 7.4, பிளேட்லெட் 42,000, நியூட்ரோஃபில் 700. எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டில் பிளாஸ்ட் (முதிராத ரத்தச் செல்கள்) 7 சதவீதம், "முந்தைய சிகிச்சையால் வந்த எம்.டி.எஸ்." (மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்) என்று இருக்கிறது. காரியோடைப் (குரோமோசோம் டெஸ்ட்) இன்னும் வரவில்லை. அசாசைட்டிடின் ஊசி தொடங்கிவிட்டு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போகலாம் என்கிறார் டாக்டர்.

முதல் நோய்க்கே சேமிப்பு கரைந்துவிட்டது. எந்த டெஸ்ட் அவசியம், எது தள்ளிப்போடக்கூடியது? மருந்தில் செலவைக் குறைக்க வழி உண்டா? ரத்தம் குறைவாக இருப்பதால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாமா?

---

ஊதாமூடி

முதலில், இது பழைய புற்றுநோய் திரும்பி வந்ததல்ல. சைக்ளோபாஸ்பமைடு போன்ற ஆல்கைலேட்டிங் மருந்துகளும் ரேடியேஷனும் மஜ்ஜையின் மூலச் செல்களில் விட்டுப்போகும் சேதம், பெரும்பாலும் 5 முதல் 10 வருஷத்தில் இப்படி வெளிப்படும். 5, 7 எண் குரோமோசோம்கள் இழப்பு இதில் அடிக்கடி காணப்படும். டாக்ஸோரூபிசின், எட்டோபோசைட் வகையால் வருவது வேறு மாதிரி: 1 முதல் 5 வருஷத்துக்குள், எம்.டி.எஸ். கட்டமே இல்லாமல் நேராக ஏ.எம்.எல். (தீவிர ரத்தப் புற்றுநோய்) ஆக வரலாம். ஆனாலும் பழைய புற்றுநோய் மஜ்ஜையில் பரவியிருந்தாலும் ரத்த அணுக்கள் இப்படிக் குறையும். டிரெஃபைன் துண்டில் (மஜ்ஜையோடு எடுக்கும் சிறு எலும்புத் துண்டு) அது இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பிரேட் (உறிஞ்சி எடுக்கும் மஜ்ஜைத் திரவம்) மட்டும் எடுத்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது.

அவசியமானவை: காரியோடைப், பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் என்ஜிஎஸ் பேனல் (அதில் டிபி53 மரபணு கட்டாயம் இருக்கணும்), எச்எல்ஏ (டோனர் பொருத்தம் பார்க்கும் டெஸ்ட்). பி12, ஃபோலேட், தைராய்டு, ஹெபடைட்டிஸ், எச்ஐவி எல்லாம் சின்னச் செலவு, செய்துவிடுங்கள். காரியோடைப்பில் 20 செல் முழுதாகப் படிக்கப்பட்டிருந்தால் ஃபிஷ் (குறிப்பிட்ட சில குரோமோசோம் பகுதிகளை மட்டும் பார்க்கும் டெஸ்ட்) தனியாகத் தேவையா என்று கேட்கலாம். பல நேரம் தேவைப்படாது.

மாதிரி கெட்டுப்போவதுதான் இதில் வீண்செலவுக்கு முதல் காரணம். காரியோடைப்புக்கு உயிருள்ள செல்கள் வேண்டும். அதனால் ஹெபாரின் போட்ட பச்சைமூடிக் குழாய், உறையவைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகணும். என்ஜிஎஸ்ஸுக்கு ஈடிடிஏ போட்ட ஊதாமூடி. ஊசியில் முதலில் வரும் மஜ்ஜைதான் கெட்டியானது. இழுக்க இழுக்க சாதா ரத்தம் கலந்து பிளாஸ்ட் சதவீதம் குறைவாகத் தெரியும். "செல்கள் வளரவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் உடனே மறுபடி மஜ்ஜை எடுக்கச் சொல்லாதீர்கள். மீதி மாதிரியிலோ ரத்தத்திலோ ஃபிஷ் செய்து 5, 7, 17 குரோமோசோம்களையாவது பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. எம்.டி.எஸ்.ஸின் அபாயத்தை அளக்கும் ஐபிஎஸ்எஸ்-ஆர் மதிப்பெண்ணில் உங்கள் எண்களைப் போட்டால்: ஹீமோகுளோபின் 8க்குக் கீழே 1.5, பிளேட்லெட் 50,000க்குக் கீழே 1, நியூட்ரோஃபில் 800க்குக் கீழே 0.5, பிளாஸ்ட் 5 முதல் 10க்குள் 2. மொத்தம் 5. குரோமோசோமுக்கு எதுவும் சேர்க்காமலே 4.5ஐத் தாண்டிவிட்டது, அதாவது உயர் அபாயப் பிரிவு. இந்த மதிப்பெண் தானாக வரும் எம்.டி.எஸ். நோயாளிகளை வைத்து உருவாக்கப்பட்டது. கீமோவுக்குப் பின் வருவது அதே மதிப்பெண்ணில் பெரும்பாலும் இன்னும் மோசமாகவே நடந்துகொள்ளும். ஆகவே காரியோடைப் எப்படி வந்தாலும் மாற்று சிகிச்சை மையத்தை இப்போதே பார்க்கணும், டோனர் தேடலும் இன்றே தொடங்கணும். பலரும் நான்கு சுற்று ஊசி முடிந்தபின் எச்எல்ஏ அனுப்புகிறார்கள். அதற்குள் பிளாஸ்ட் ஏறிவிட்டால் வாய்ப்பே போய்விடும்.

---

குப்பிக்கணக்கு

மருந்து விஷயம். அசாசைட்டிடின் உடல்பரப்பு சதுர மீட்டருக்கு 75 மி.கி., 7 நாள், 28 நாளுக்கு ஒரு சுற்று. ஒரு குப்பி 100 மி.கி. பரப்பளவு 1.6 என்றால் நாளைக்கு 120 மி.கி.; இரண்டு குப்பி உடைத்து 80 மி.கி. வீண். ஒரு சுற்றில் 14 குப்பிக்குப் பணம், அதில் 560 மி.கி. குப்பையில். இங்கேதான் மிச்சம் பிடிக்க இடம் இருக்கிறது:

– பரப்பளவு 1.45 என்றால் டோஸ் 109 மி.கி.க்குச் சற்றுக் குறைவு. 10 சதவீதத்துக்குள் இருப்பதால் பல மையங்கள் 100க்கு இறக்கி ஒரே குப்பியில் முடிப்பார்கள். 120ஐ 100 ஆக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அது டோஸ் குறைப்பு.

– ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்குப் போடும் மையமானால் குப்பி பகிர்வு உண்டா என்று கேளுங்கள். தோலுக்கடியில் போடக் கரைத்த மருந்து சாதாரண வெப்பத்தில் 1 மணி நேரம்தான் தாங்கும், ஃபிரிட்ஜில் 8 மணி, குளிர்ந்த நீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் 22 மணி. சுத்தமான மருந்துக்கலவை அறை உள்ள இடத்தில் மட்டுமே இது நடக்கும். வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் போட்டுக்கொள்வதெல்லாம் வேண்டாம்.

– ஜெனரிக் தயாரிப்பு போதும். வார இறுதியில் மையம் மூடியிருந்தால் 5 நாள், 2 நாள் இடைவெளி, மறுபடி 2 நாள் என்று போடலாம். அதற்காக அட்மிஷன் போடத் தேவையில்லை.

120 மி.கி. என்பது 4.8 மி.லி.; இரண்டு இடத்தில் பிரித்துப் போடணும். குமட்டலுக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கூட்டும். மலமிளக்கி வாய்வழியாக மட்டும். நியூட்ரோஃபில் குறைந்திருக்கும்போது எனிமா கூடாது.

பெரிய நஷ்டம் எது தெரியுமா? இரண்டாவது சுற்றில் நிறுத்திவிடுவது. முதல் இரண்டு சுற்றிலும் அணுக்கள் இன்னும் கீழே போகும், ரத்தம் ஏற்றுவது கூடும். "மருந்து வேலை செய்யலை" என்று விடுவார்கள். பலனைத் தீர்மானிக்க 4 முதல் 6 சுற்று வேண்டும். அதனால் ஆறு சுற்று மருந்து, அதே ஆறு மாதத்துக்கான ரத்தம், பூஞ்சைத் தடுப்பு மருந்து, ஒன்றிரண்டு காய்ச்சல் அட்மிஷன் எல்லாம் சேர்த்து ஒரு தொகையாகப் போட்டுப் பாருங்கள்.

நோய் ஏ.எம்.எல். ஆனால் வெனெடோகிளாக்ஸ் (ரத்தப் புற்றுநோய் மாத்திரை) பேச்சு வரும். போசகோனசோல் (பூஞ்சைத் தடுப்பு மருந்து) கூடவே போகும்போது வெனெடோகிளாக்ஸ் டோஸ் 400 மி.கி.யிலிருந்து 70க்கு இறங்கும், செலவும் இறங்கும். இரண்டும் ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்பவை. போசகோனசோலை மட்டும் நிறுத்தினால் வெனெடோகிளாக்ஸ் போதாமல் போகும். குறைக்காமல் 400ஐயே தொடர்ந்தால் மஜ்ஜை ஒரேயடியாகச் சாய்ந்துவிடும். எந்தப் புது மாத்திரை சேர்த்தாலும் டாக்டரிடம் இந்த ஜோடியைச் சொல்லுங்கள்.

---

நிலா_வார்டு

இரும்புச்சத்து: வேண்டாம், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவு என்று நிரூபணமானால் தவிர. ஒரு யூனிட் ரத்தத்திலேயே 200 முதல் 250 மி.கி. இரும்பு உள்ளே போகிறது. 20 யூனிட்டுக்கு மேல் ஏறினால், அல்லது ஃபெரிட்டின் 1000ஐத் தாண்டினால், அதை வெளியேற்ற மருந்து கொடுக்கும் நிலை வரும்.

ஒரு யூனிட் சிவப்பணு ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 ஏற்றும். காய்ச்சலோ ரத்தக்கசிவோ இல்லாவிட்டால் பிளேட்லெட் 10,000க்குக் கீழே போனால்தான் ஏற்றுவார்கள்; 42,000க்குப் பயந்து ஏற்றச் சொல்ல வேண்டாம். வெள்ளையணு வடிகட்டியதும் கதிர்வீச்சு பாய்ச்சியதுமான ரத்தம் கேளுங்கள். குடும்பத்தார் ரத்தம் அம்மாவுக்கு நேரடியாக ஏறக் கூடாது, அவர்களில் ஒருவர் டோனராகலாம். ரத்த வங்கிக்கு ஈடாகக் கொடுப்பது வேறு, அது பரவாயில்லை.

ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தால், நேராக மருத்துவமனை. வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போகணும். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், தசையில் போடும் ஊசி மூன்றும் கூடாது.

---

மாலைநேரம்

எல்லோருக்கும் நன்றி. காரியோடைப் வந்துவிட்டது: 7ஆம் குரோமோசோம் ஒன்று இல்லை. டிபி53 மாற்றம் இல்லை. மாமா ஒருவர் (அம்மாவின் தம்பி, 54), பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். யாருக்கு எச்எல்ஏ பார்ப்பது? இன்னொன்று, காப்பீட்டுக் கம்பெனி "இது புற்றுநோய்ப் பட்டியலில் இல்லை" என்கிறது.

---

ஊதாமூடி

அந்த இழப்புக்கு 3 மதிப்பெண். மொத்தம் 8, மிக உயர் அபாயம். டிபி53 மாற்றம் இல்லாதது நல்ல செய்தி. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பாதிக்கப்பட்டிருந்தால் மாற்று சிகிச்சைக்குப் பின்னும் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம், சொத்தை விற்பதற்கு முன் வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை இப்போதும் ஒருமுறை பேசிவிடுங்கள்: "இவருக்கு, இந்த மையத்தில், நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?"

மாமாவுக்கு முழுப் பொருத்தம் 25 சதவீதம். பிள்ளைகள் மூவரும் உறுதியாகப் பாதிப் பொருத்தம். முதலில் மாமா, கூடவே ஒரு பிள்ளை. மூவருக்கும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. ஆனால் அம்மாவிடம் டோனர் எதிர்ப்புப்பொருள் டெஸ்ட்டைத் தவறவிடாதீர்கள். கர்ப்பகாலத்தில் பிள்ளைகளின் எச்எல்ஏவுக்கு எதிராக உருவான எதிர்ப்புப்பொருள் இன்னும் இருக்கலாம். அளவு அதிகமாக இருந்தால் அந்தப் பிள்ளையின் செல்கள் ஒட்டாமலே போகும். அப்போது மற்ற இருவரையும் பாருங்கள். மாமாவின் வயதில் ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்பதும் முக்கியம்.

மார்பகப் புற்றுநோயும் ரத்தநோயும் ஒருவருக்கே வந்திருப்பதால் பிராக்கா (மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு), டிபி53 போன்றவற்றில் பரம்பரை மாற்றம் பற்றிக் கேளுங்கள். மாதிரி தோல் செல்லிலிருந்து வளர்த்தது நல்லது. ரத்தத்தில் நோய்ச் செல்களின் மாற்றமே கலந்து வந்து குழப்பும். பரம்பரையாக ஏதாவது இருந்தால், அதைச் சுமக்கும் பிள்ளை டோனராக வேண்டாம்.

பழைய கீமோ சுருக்க அறிக்கையைத் தேடி எடுங்கள். வழக்கமான ஏசி 4 தடவை என்றால் டாக்ஸோரூபிசின் மொத்தம் சதுர மீட்டருக்கு 240 மி.கி. இதயத்துக்கான வரம்பில் பாதி அதிலேயே போய்விட்டது. எக்கோ கட்டாயம். மாற்று சிகிச்சை மதிப்பீட்டில் பழைய புற்றுநோய்க்கு மட்டுமே 3 புள்ளி சேரும், எனவே வீரியம் குறைத்த முன்சிகிச்சை (மாற்றுக்கு முன் மஜ்ஜையைத் தயார் செய்யும் சிகிச்சை) பற்றித்தான் பேசுவார்கள்.

---

கணக்குப்பிள்ளை

காப்பீடு. ஐசிடி-10 (நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியல்) என்பதில் எம்.டி.எஸ். டி46இல் வருகிறது. அந்தப் பகுதியின் தலைப்பே "தன்மை உறுதியாகாத கட்டிகள்". அதைப் பார்த்துத்தான் நிராகரிக்கிறார்கள். ஆனால் கட்டிகளுக்கான ஐசிடி-ஓ பட்டியலில் எம்.டி.எஸ்.ஸின் தன்மைக் குறியீடு 3, அதாவது புற்றுநோய். ரத்தவியல் நிபுணரிடம் கடிதம் வாங்குங்கள்: முழு நோய்ப்பெயர், உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு, அந்தக் குறியீடு, மஜ்ஜை ரிப்போர்ட், அபாய மதிப்பெண். நிராகரிப்பை எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசிப் பதிலை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. பாலிசியே எம்.டி.எஸ்.ஸைப் பெயர் சொல்லி விலக்கியிருந்தால் இந்தக் கடிதம் உதவாது. யாராவது ஏ.எம்.எல். குறியீடு போட்டுத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பிளாஸ்ட் 7 என்ற ரிப்போர்ட் உள்ளே இருக்கும்போது மொத்தக் கோரிக்கையும் போய்விடும். அசாசைட்டிடின் படுக்கையில் சேராமல் போடுவது, ஆகவே டே கேர் விதி உண்டா என்று தனியாகப் பாருங்கள்.

மாற்று சிகிச்சையின் "பேக்கேஜ்" தொகையை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்தில் கேட்க வேண்டியது: எத்தனை நாள் படுக்கை அடக்கம்? டோனர் பரிசோதனையும் செல் சேகரிப்பும் உண்டா? ரத்தப் பொருட்கள், உயர்ரக ஆன்டிபயாட்டிக், ஐசியு? வெளியே வந்தபின்தான் மீதிச் செலவு: முதல் 100 நாள் மையத்துக்குப் பக்கத்தில் தங்கல், வாரந்தோறும் சிஎம்வி பிசிஆர் (ஒரு வைரஸ் டெஸ்ட்), டாக்ரோலிமஸ் (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) அளவு, மறு அட்மிஷன், கூட இருப்பவரின் போன சம்பளம். கையில் உள்ள பணம் முழுவதும் பேக்கேஜோடு தீரும் என்றால் தேதி குறிக்க வேண்டாம். உதவி நிதிகளுக்கு விண்ணப்பம் அட்மிஷனுக்கு முன்பே போகணும். முடிந்த சிகிச்சைக்குப் பல நிதிகள் தருவதில்லை. மருந்து நிறுவன உதவித் திட்டங்களுக்கு டாக்டரின் கையெழுத்து தேவைப்படும், முதல் சுற்று தொடங்கும் நாளிலேயே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.