டக்காரில் கருவாட்டு அம்மா கேட்ட கேள்வி

போன வருஷம் செனகல் தலைநகர் டக்காரில் ஆப்பிரிக்கச் சமூகச் சிக்கல்கள் பற்றி ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு. கட்டுரை வாசிக்கப் போயிருந்தேன். துவக்க விழா பொன்னாடை இல்லாத நம்மூர் விழாதான், அதை விடுகிறேன்.

என் அமர்வு மீன்பிடி பற்றியது. அங்கே கடலை வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் அரிக்கின்றன. மிஞ்சும் சாளையை மீன்தூள் ஆலைகள் கூடுதல் விலைக்கு அள்ளிக்கொள்கின்றன. பிழைப்புக் கெட்ட பையன்கள் அதே மரப்படகில் ஸ்பெயினின் கனரித் தீவுகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மாலி, மொராக்கோ ஆட்களையும் சேர்த்து 2024-இல் அங்கே கரையேறியவர்கள் 46,800-க்கு மேல். 'பார்ஸா வல்லா பர்ஸாக்' என்று ஒருவர் அவர்கள் மொழியான ஒலோஃபில் சொன்னதும் ஹெட்ஃபோனில் மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி நின்றுவிட்டார். பார்சிலோனா, இல்லாவிட்டால் மறு உலகம்.

நான் ராமநாதபுரத்துக்காரன். மீனவர் கைது, படகு பறிமுதல் என்று படம் போட்டு, நாங்களும் உங்கள் கட்சிதான் என்கிற தொனியில் பேசினேன். நல்ல கைதட்டல். அப்புறம் ம்பூர் என்கிற கடற்கரை ஊரில் கருவாடு போடும் அம்மா ஒருவர் மைக்கை வாங்கினார்.

"பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள், சரி. அந்தக் கடலில் பெரிய படகு யாருடையது?"

எங்களுடையதுதான். கடலடியை வாரும் அந்தப் படகுகளின் இழுவைமடியை இலங்கை 2017-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அக்கரையில் வலை அறுபட்டு நிற்பவனும் தமிழன். இதெல்லாம் என் கட்டுரையில் அடிக்குறிப்பு! தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மதியம் தியெபுஜென். ஒரே தாம்பாளத்தில் சோறும் மீனும், சுற்றிலும் ஆறு பேர். அந்த அம்மா மீனைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

*

அண்ணை, நான் இலங்கை மன்னாரில பேசாலை ஊர் ஆள். எழுதினதுக்கு நன்றி. ரெண்டு வருசத்துக்கு முதல் நைரோபியில இதே மாதிரி ஒரு கருத்தரங்குக்குப் போனனான். விக்டோரியா ஏரியில மிகிங்கோ எண்டு ஒரு துண்டுத் தீவு, கால்பந்து மைதானத்தில பாதியும் வராது. அதுக்குக் கென்யாவும் உகண்டாவும் இழுபறி. அங்க தொழில் செய்யிற ஒரு லுவோ இன ஆள் தேத்தண்ணி நேரம் என்னட்டக் கேட்டார், "நீங்கள் கிழமையில எத்தினை நாள் கடலுக்குப் போவீங்கள்?" திங்கள், புதன், சனி போறேல்ல எண்டு சொன்னன். கோயில் நாளோ எண்டு கேட்டார். இல்லை, அண்டைக்குத்தான் இந்திய ரோலர், அந்த இழுவைப் படகுகள், வரும் எண்டன்.