ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் சி. ரங்கராஜனை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

காவிரிக்கரை:
சென்னையில் அவர் சொற்பொழிவு ஒன்று, பத்து வருஷம் இருக்கும். 91 ஜூலை கதை உங்களுக்கே தெரியும். ரூபாய் மதிப்பை 1ஆம் தேதி ஒரு தடவை, 3ஆம் தேதி ஒரு தடவை குறைத்தார்கள். இரண்டாவதை நிறுத்தச் சொல்லி நிதியமைச்சர் மன்மோகன் சிங் இவருக்குப் போன் செய்தபோது காரியம் முடிந்திருந்தது. எனக்கு மறக்காதது வேறு. சட்டைப் பையில் 1996 காந்தி வரிசை நூறு ரூபாய் நோட்டு, அவர் கையெழுத்தோடு. அதன் மேலேயே பேனாவால் இன்னொன்று வாங்கிவிடலாம் என்றுதான் போனேன். மூன்றடி தூரத்தில் நின்று பேனா மூடியைக் கூடக் கழற்றிவிட்டேன். ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவரிடம் நோட்டில் கிறுக்கச் சொல்வதா? கை மடங்கிவிட்டது. நோட்டு இன்னும் பீரோவில். கேட்டிருக்கலாமோ?

பழைய கேஷியர்:
கேட்காததே நல்லது. நோட்டில் எழுதாதீர்கள் என்று கவுண்டரில் கத்தியே என் தொண்டை போனது. நான் அவரைப் பார்த்ததில்லை, அவர் கையெழுத்தைக் கட்டுக்கட்டாக எண்ணியிருக்கிறேன். பதவி உயர்வு நேர்காணலில் 'அட்ஹாக் டிரெஷரி பில்' பற்றிக் கேட்டார்கள். அரசுக்குப் பணம் குறைந்தால் ரிசர்வ் வங்கி தானாகவே பில்லை வாங்கிக்கொண்டு பணம் தரும் ஏற்பாடு; இவர் கவர்னராக இருந்தபோது 94 செப்டம்பரில் அதைக் கைவிட ஒப்பந்தம், 97 ஏப்ரலில் நிறுத்தம் என்று கடகடவென்று சொன்னேன். "அதற்குப் பதிலாக என்ன வந்தது?" என்றார்கள். வாய் திறக்கவில்லை. வழிவகை முன்பணம், அதாவது ரிசர்வ் வங்கி அரசுக்குத் தரும் குறுகிய காலக் கடன்! படி இறங்கும்போது ஞாபகம் வந்தது.

தெற்குவாசல்:
91-க்கு இவருக்கு மட்டும் மாலை போடாதீர்கள். அப்போது கவர்னர் எஸ். வெங்கிடரமணன், இவர் துணை கவர்னர். சரி, என் கதை. 2014இல் வீடு வீடாகச் செலவுக் கணக்கு எடுக்கும் வேலை. இவர் குழுவின் வறுமைக்கோடு அந்த வாரம்தான் பேப்பரில் வந்திருந்தது: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிராமத்தில் 32 ரூபாய், நகரத்தில் 47. பூக்கட்டும் அம்மா ஒருவர், "அந்த 47 ரூபாயை நீயே வச்சுக்க தம்பி, எங்க வீட்ல ஒரு நாள் சமைச்சுக் காட்டு" என்றார். நாரை விட்டுக் கை எடுக்கவில்லை. ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 7,035 ரூபாய், முன்பு வறுமைக்கோடு வகுத்த டெண்டுல்கர் குழு வைத்ததைவிட இது அதிகம், இதனால் ஏழைகள் கணக்கு 29.5 சதவீதமாகக் கூடியது, எல்லாம் எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது?

மாமா_62:
ஹைதராபாத்தில் பார்த்தேன், ஆந்திர ஆளுநராக இருந்தபோது. கார் போனது, அவ்வளவுதான். பிள்ளைகள் படிக்கிறவர்களாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பென்சில்வேனியாவில் பிஎச்டி, அகமதாபாத் ஐஐஎம்மில் பல வருஷம் வாத்தியார், அப்புறம் 1982இல் நேராகத் துணை கவர்னர். எல்லோருக்கும் அப்படிக் கதவு திறக்காது. இந்தியப் பொருளாதாரப் பணி என்று தனித் தேர்வு இருக்கிறது, யூபிஎஸ்சிதான் நடத்துகிறது. பொருளாதாரத்தில் முதுகலை கட்டாயம், வயது 21 முதல் 30, இட ஒதுக்கீட்டில் தளர்வு உண்டு. இடங்கள் ரொம்பக் கம்மி, ஆனால் ஐஏஎஸ் கூட்டம் இங்கே இருக்காது. புள்ளியியலை இப்போதே பிடிக்கச் சொல்லுங்கள். கோச்சிங்கில் காசைக் கொட்டாதீர்கள். பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்க்கட்டும்.

காவிரிக்கரை:
மாமா, என் பையன் ஏழாவதுதான் படிக்கிறான். தெற்குவாசல், அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

தெற்குவாசல்:
ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தில் அடுத்த கேள்விக்குப் போனேன். மண்ணெண்ணெய், மாதம் எத்தனை லிட்டர்?