கோட்டை அகழி தெரியுற ஒரு பெட்ரூம் ஃபிளாட், 36 லட்சம்: வாங்கலாமா?

ஆற்காட்டுப் பையன்:
வணக்கம். வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்தேன். ஒரே பெட்ரூம், 540 சதுர அடி, மூணாவது மாடி. அதுக்கு மேல மொட்டை மாடி. கட்டடம் 1989ல கட்டினது. உள்ளே மட்டும் புதுசாக்கியிருக்காங்க: தரை பூரா வெள்ளை டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், பால்கனியை அடைச்சு கண்ணாடிக் கதவு. கதவைத் தள்ளினா நேரா அகழித் தண்ணி, அந்தப் பக்கம் கோட்டைச் சுவர். பிரிக்கப்படாத பாகம், அதாவது கட்டடம் நிக்கிற மண்ணுல நம்ம பங்கு, 190 சதுர அடி. எனக்கு சென்னையில வேலை, அம்மாவுக்கு சிஎம்சி ஆஸ்பத்திரியில செக்கப் போய்க்கிட்டே இருக்கு. நாங்க வராத நாள்ல நோயாளிகளோட வர்றவங்களுக்கு விட்டா இஎம்ஐயில பாதி வரும்னு நினைக்கிறேன். என்ன சொல்றீங்க?

லாங்குபஜார்:
கண்ணை மூடிகினு வாங்கு தம்பி. வேலூர்ல தண்ணி தெரியுற வீடு வேற எங்க கீது? பாலாத்தங்கரைன்னு விளம்பரம் போடுவானுங்க, போய்ப் பார்த்தா மணலும் சீமைக்கருவேலமும். ஸ்மார்ட் சிட்டி பணத்துல அகழியைத் தூர்வாரின பிறகு இந்தப் பக்கத்துக்கே ஒரு களை வந்துடுச்சு. சாயங்காலம் கோட்டைக்குள்ள ஒரு நடை, ஜலகண்டேஸ்வரர் கோயில், எதிர்ல பஜார். அம்மாவுக்கு இதைவிட இன்னா வேணும்?

காட்பாடி சிவில்:
அண்ணன் சொல்ற அந்த அழகுதான் இங்க சிக்கல். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையோட பாதுகாக்கப்பட்ட சின்னம். 2010ல திருத்தின சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கு மேல 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தடைப் பகுதியில புதுசா கட்டவும் முடியாது, இடிச்சுட்டு அதே அளவுல திரும்ப எழுப்பவும் முடியாது. 1992 ஜூன் 16க்கு முன்னாடியே இருந்த கட்டடம்னா ரிப்பேர், புதுப்பிப்பு பண்ணலாம், அதுக்கும் அனுமதி வாங்கணும்.

இப்ப கணக்கைப் பாருங்க தம்பி. ஃபிளாட்டுல வருஷம் போகப் போக மதிப்பு ஏறுறது மண்ணுக்குத்தான், கட்டடம் தேயும். 190 சதுர அடிக்கு 36 லட்சம்னா சதுர அடி மண்ணுக்குக் கிட்டத்தட்ட 19,000 ரூபாய். கோட்டைக்குத் தள்ளி சத்துவாச்சாரி மாதிரி ஏரியாவுல பழைய அபார்ட்மென்ட்னா மூணுல ரெண்டு பங்கு ஓனர்கள் சம்மதிச்சா இடிச்சு புதுசா கட்டலாம்னு 2022 அபார்ட்மென்ட் சட்டம் வழி விடுது. 100 மீட்டருக்குள்ள அந்த வழி அடைபட்டுது. அந்த மண்ணை வச்சு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது.

லாங்குபஜார்:
அதே சட்டம்தான்யா எதிர்ல ஒருத்தன் எட்டு மாடி எழுப்பி வியூவை மறைக்காம தடுக்குது! அதுக்கு விலை இல்லையா? சத்துவாச்சாரியில ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டு பாத்ரூம் குழாய்தான் தெரியும்.

கொசப்பேட்டை மருமகள்:
ரெண்டு பேரும் பத்திரத்துல நிக்கிறீங்க, நான் வீட்டுக்குள்ள வரேன். ஆபீசர்ஸ் லைன் கோட்டைக்குக் கிழக்கே இருக்கு. அகழி தெரியணும்னா பால்கனி மேற்கு பார்த்துதான் இருக்கும். வேலூர் மே மாசத்துல, மூணு மணி வெயில்ல, அந்தக் கண்ணாடிக் கதவு பக்கத்துல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. மேலே மொட்டை மாடி வேற. ஏசி பில்லு யார் கட்டுறது?

அப்புறம் இந்தப் "புதுசாக்கின" வேலை. பாத்ரூம் கதவோட அடியைக் குனிஞ்சு பாருங்க. புதுசா அறுத்த தடம் இருந்தா பழைய தரையை எடுக்காம டைல்ஸ் மேல டைல்ஸ் ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம். கீழே இருக்கிற பழைய பைப் அப்படியேதான் இருக்கும். ஃபால்ஸ் சீலிங்ல லைட் மாட்டின ஓட்டை வழியா டார்ச் அடிச்சா கான்கிரீட் தெரியும். உப்பு பூத்திருக்கா, கம்பி துரு பழுப்பா இறங்கியிருக்கான்னு பாருங்க. எங்க சொந்தத்துல ஒருத்தர் இப்படிப் பளபளப்பைப் பார்த்து வாங்கி, முதல் மழையிலேயே சீலிங் பலகை ஊறி விழுந்துச்சு. விற்றவர் போனே எடுக்கலை.

தோட்டப்பாளையம் 77:
வாடகைக் கனவு பற்றி ஒரு வார்த்தை. கொல்கத்தா குடும்பங்கள் வருவாங்க, சமையல் வசதி இருந்தா லாட்ஜைவிட வீட்டையே கேட்பாங்க. அது உண்மை. ஆனா வெளிநாட்டவரைத் தங்க வச்சா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசாங்கத்துல பதிவு பண்ணணும். சென்னையில உட்கார்ந்துகினு யாரு பண்ணுவாங்க? 2024 ஆகஸ்டுக்கு அப்புறம் விசா கெடுபிடியில பங்களாதேஷ்காரங்க வரத்தும் குறைஞ்சு போச்சு. அபார்ட்மென்ட் சங்கம் வாராவாரம் புது ஆள் வந்து போறதை ஒத்துக்குமான்னும் முதல்ல கேளுங்க.

லாங்குபஜார்:
வாங்க வந்த பையனை இப்படியா விரட்டுறது?

காட்பாடி சிவில்:
விரட்டலைண்ணா. 100 மீட்டர் தாண்டியிருந்தா நானே வாங்குன்னு சொல்வேன். அங்க அனுமதி வாங்கித் திரும்பக் கட்டலாம். தம்பி, முதல்ல தூரத்தை அளந்துக்குங்க. டைல்ஸ், பெயின்டுக்கு யாரும் வந்து கேட்கப் போறதில்ல. பால்கனியை அடைச்சது அப்படி இல்ல, அதுக்கு அனுமதிக் கடிதம் இருக்கான்னு கேளுங்க. 1992க்கு முன்னாடி கட்டினதுக்குப் பழைய பிளான், வரி ரசீது ஏதாவது வேணும். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பதிவுச் செலவு, முத்திரைத் தீர்வை 7ம் பதிவுக் கட்டணம் 2ம் சேர்த்து 9 சதவீதம், 36 லட்சத்துக்கே பத்திரம் போட்டா 3.24 லட்சம். அதையும் எழுதி வச்சுக்குங்க.

ஆற்காட்டுப் பையன்:
நேத்து திரும்பப் போனேன். அகழிக் கரையிலிருந்து ரோட்டைத் தாண்டினா கட்டடம், 60 மீட்டர்கூட வராது. அனுமதிக் கடிதம் கேட்டதுக்கு ஓனர் "உள் வேலைக்கு எதுக்கு சார் பர்மிஷன்"னு சிரிக்கிறார். பாத்ரூம் கதவு அறுத்துதான் இருக்கு அக்கா. சீலிங்ல லைட்டைக் கழட்டிக் காட்டச் சொன்னேன், அட்வான்ஸ் கொடுத்த பிறகு பார்க்கலாம்ங்கிறார். 32க்குக் குறைக்கிறாராம்.

கொசப்பேட்டை மருமகள்:
லைட்டைக் கழட்ட அஞ்சு நிமிஷம், ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதுக்கு அட்வான்ஸ் எதுக்காம்? அம்மாவுக்குப் பக்கத்துல வீடு வேணும்னா இப்போதைக்கு வாடகைக்கு எடுங்க.

லாங்குபஜார்:
32ஆ? உனக்கு வேணாம்னா அந்த ஓனர் நம்பரைத் தனியா அனுப்பு தம்பி, என் மச்சான் பார்த்துகினு கீறான்.

காட்பாடி சிவில்:
மச்சானுக்கும் அதே 60 மீட்டர்தாண்ணா.