குருவிக்கு வைத்த தானியம் கொய்யா மூட்டில் முளைத்துக் கிடக்கிறது: பிடுங்கவா, விடவா?

பொறவாசல்காரி, கல்லிடைக்குறிச்சி
ஐப்பசி 20

எங்கள் வீட்டுப் பொறவாசலில் ஒரு கொய்யா நிற்கிறது. அதன் தாழ்ந்த கொப்பில் சிரட்டை கட்டி ஒரு வருஷமாகக் குருவிக்குத் தானியம் வைக்கிறேன். பையன் சென்னைக்குப் படிக்கப் போனபோது அவன் வளர்த்த லவ் பேர்ட்ஸைத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். மிச்சமிருந்த தீனிப் பொட்டலத்தை வீணாக்க மனசில்லாமல் ஆரம்பித்த வேலை இது. இப்போது கிலோக் கணக்கில் வாங்குகிறேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது.

குருவிக்குச் சாப்பாட்டில் ஒழுங்கு கிடையாது. வேண்டியது கிடைக்கும்வரை வேண்டாததை அலகால் தள்ளிக்கொண்டே இருக்கும். சிரட்டையில் பாதி, தரையில் பாதி. கோடையில் ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் நாலு நாள் விடாமல் மழை பெய்ததும் கொய்யா மூட்டைச் சுற்றி நாலைந்து சுளகு அகலத்துக்கு ஒரே பச்சை.

ஐந்து வகை இருக்கும்போல. ஒன்று எனக்கே தெரிந்தது, சூரியகாந்தி. தடித்த இரண்டு இலை, ஒன்றின் நுனியில் கறுப்பு வரி போட்ட தோடு இன்னும் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. மற்ற நாலும் என் கண்ணுக்குப் புல்தான். ஒன்றுக்கு மட்டும் அடித்தண்டு சிவந்திருக்கிறது. இன்னொன்று கூட்டத்தோடு சேராமல் துவைகல் பக்கம் தனியாக மூன்று மூடு.

அத்தை வாரியலோடு வந்து நிற்கிறார். “களையைப் பாத்து ரசிக்கவளை இப்பதான் பாக்கேன்” என்று காலையிலிருந்து மூன்று தடவை ஆகிவிட்டது.

படம் போட்டிருக்கிறேன், இதெல்லாம் என்ன செடி? விட்டால் கதிர் வருமா, வந்தால் சாப்பிடலாமா? அப்புறம், அதே இடத்தில் நான் விதைத்த தண்டங்கீரை மட்டும் தலையே தூக்கவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

சைக்கிள்காரன், பேட்டை

அத்தை சொல்வதைக் கேளுங்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் கம்பு சிந்திச் சிந்திக் கிடந்தது. முதலில் எலி வந்தது, அடுத்து பெருச்சாளி வந்து குளியலறைச் சுவரோரம் வளை போட்டது. அதைத் தேடிச் சாரை வந்த அன்றைக்கு என் அம்மா ஏறின கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. இப்போது காலையில் ஒரு கை மட்டும் வைக்கிறேன். பத்து மணிக்குக் கீழே கிடப்பதைக் கூட்டி அள்ளிவிடுவேன்.

கரிசல்காட்டான், சங்கரன்கோவில் பக்கம்

தங்கச்சி, படம் பார்த்து ஆள் சொல்வது கஷ்டம், அதுவும் நாத்துப் பருவத்தில். அதை விடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நாத்தை மண்ணோடு பைய அள்ளிக் கிண்ணத் தண்ணீரில் அலசுங்கள். தானியத்தின் கூடு வேரடியில் ஒட்டிக் கிடக்கும். மஞ்சளாய், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாய் இருந்தால் தினை. அதைவிடப் பெரிசாய், வெளிறிய நிறத்தில் பளபளவென்றால் பனிவரகு. உமியே இல்லாமல் சாம்பல் நிறத் தோல் மட்டும் இருந்தால் கம்பு. உங்கள் சிவந்த தண்டு அதுவாகத்தான் இருக்கும்.

கதிர் நன்றாக வரும். பனிவரகுக்கு எழுபது நாள் போதும். தினைக்கும் கம்புக்கும் எண்பது, தொண்ணூறு. ஆனால் இவ்வளவு நெருக்கமாய் விட்டால் ஒன்றும் உருப்படாது. சாணுக்கு ஒன்று நிறுத்தி மற்றதைப் பிடுங்குங்கள்.

சாப்பிடுவதைப் பற்றி: தீனியாக விற்கிற தானியத்தில் பொதுவாக மருந்து கலப்பதில்லை. விதைப்புக்கு விற்கிற விதைதான் ஆகாது. சிவப்போ பச்சையோ சாயம் ஏறியிருந்தால் அதில் மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைக் குருவிக்கும் வைக்காதீர்கள். மற்றபடி நாலு மூட்டுத் தினையை உரலில் போட்டு உமி நீக்கி எடுத்தால் ஒரு ஆழாக்குக்கூடத் தேறாது. குருவி அந்த வேலையை அலகிலேயே முடித்துக்கொள்கிறது, விட்டுவிடுங்கள். கம்பு ஒட்டு ரகமாக இருந்தால் விதைக்கு எடுத்து வைக்காதீர்கள். அடுத்த தடவை ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று வரும். தினை தன் மகரந்தத்திலேயே சூல் பிடிக்கிற பயிர், தாய் மாதிரியே பிள்ளை.

ஒரு எச்சரிக்கை. பொட்டலத்தில் சோளம் கிடந்திருந்தால், பிடுங்கிய இளம் பயிரைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். பூப்பதற்கு முன்னால், அதுவும் வெயிலில் வாடி நின்றால், அதைத் தின்கிற ஆடு மாட்டின் வயிற்றில் சயனைடு விஷம் உண்டாகும். எனக்குப் பத்து வயசில் எங்கள் செவலைக் கன்று வேலி தாண்டிப் போய் மேய்ந்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

துவைகல் பக்கம் தனியாய் நிற்பது குதிரைவாலியாக இருக்கும், இல்லையென்றால் நெல். இலை தண்டைத் தழுவுகிற இடத்தை வளைத்துப் பாருங்கள். வெள்ளையாய், சவ்வு மாதிரி சின்ன நாக்கு நின்றால் நெல். நாக்கு இல்லாவிட்டால் குதிரைவாலி.

மாடிக்காரி, பாளையங்கோட்டை

கீரை வராததற்குச் சூரியகாந்தித் தோட்டைப் பாருங்கள் அக்கா. குருவியும் அணிலும் பருப்பைத் தின்றுவிட்டுத் தோட்டைக் கீழே தள்ளும். அது மக்கும்போது இறங்குகிற சாறு மற்ற செடிகளின் முளைப்பையே அமுக்கும். நான் தொட்டியில் மூடாக்குப் போடுவதாக நினைத்து அந்தத் தோட்டைப் பரப்பி, ஒரு தொட்டிக் கொத்தமல்லியைத் தொலைத்தேன். மேல்மண்ணோடு வழித்து எடுத்துவிட்டுக் கீரையை வேறு பக்கம் போடுங்கள்.

பொறவாசல்காரி
ஐப்பசி 23

அண்ணாச்சி, கிண்ணத்தில் அலசிப் பார்த்தேன். தினை, பனிவரகு, கம்பு, மூன்றும் நீங்கள் சொன்ன மாதிரியே. சோளம் இல்லை. அத்தையும் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார், ஆனால் கட்சி மாறவில்லை. தோட்டை வழித்தேன், ஒரு முறம் நிறைய வந்தது. துவைகல் செடியில் நாக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, இலை இன்னும் சின்னது.

கரிசல்காட்டான்

பத்து நாள் போகட்டும். அவசரம் என்ன.

பொறவாசல்காரி
தை 12

மறந்துபோயிருப்பீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பனிவரகை மார்கழி மழை ஒன்று படுக்கப் போட்டது. நனைந்த கதிரில் பூசணம் வந்துவிட்டதால் குருவிக்குக்கூட வைக்காமல் எருக்குழியில் போட்டேன். சூரியகாந்தி ஒரே ஒரு பூ. விதை முற்றட்டும் என்று காத்திருந்தேன், கிளி காத்திருக்கவில்லை. கம்பு பூத்த வாரம் காலையில் தேனீ மொய்த்தது. காலில் மஞ்சள் மூட்டை கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன் என்று இரண்டு நாள் தோசையைக் கருக்கினேன். தினை பதினொரு கதிர், இன்னும் முழுதாகக் காயவில்லை. புள்ளிச் சில்லை வந்து உட்கார்ந்தால் கதிர் வளைந்து அதன் வயிறு தரையைத் தொடுகிறது, தொங்கிக்கொண்டேதான் தின்கிறது. சைக்கிள்காரர் சொன்ன மாதிரி பத்து மணிக்குக் கூட்டிவிடுகிறேன், எலி வரவில்லை.

துவைகல் செடிக்கு நாக்கு இருந்தது அண்ணாச்சி. நெல்லேதான், இப்போது கதிர் வாங்கி நிற்கிறது. தீனிப் பொட்டலத்தில் நெல் ஏது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் சொன்னார்: போன தையில் வயலிலிருந்து வந்த கதிரைக் கொத்தாகக் கட்டிப் பொறவாசல் நிலையில் குருவிக்குத் தொங்கவிட்டது அவர்தானாம். பிய்ந்து விழுந்ததைக் கூட்டித் துவைகல் பக்கம் தள்ளியதும் அவரேதான்.

இப்போது துவைக்கிற தண்ணீரை அந்தப் பக்கம் விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. மூன்று மூட்டையும் சுற்றி நாலு செங்கல் வைத்திருக்கிறார். தினையை இன்றைக்கும் களை என்றுதான் சொல்கிறார்.